நாற்பத்தொரு சித்திரக்கதைகளும் ஒரு சிவப்புப் பென்சிலும்

1

“பொம்மை பாத்துட்டுத் திரியுற புள்ளைக்குப் படிப்பு எங்கேர்ந்தும்மா ஏறும்?”

நெய்வேலி சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக் படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட தங்கராசு சார் இதைச் சொன்னபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு இன்ஜினியர் வீட்டு அம்மாளிடம், என் தலைக்கு மேலே சொன்னார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, தன் மகள் இப்போது தலையணை கனத்துக்குச் சரித்திர நாவல்கள் படிப்பதாகச் சொன்னார். என் கையில் ஒரு சித்திரக்கதை இருந்தது. அட்டையில் குதிரை மேல் ஒருவன், அவனுக்குப் பின்னால் ஒரு செம்மண் மலை. அந்த மலை எங்கள் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டும் மண்மேட்டை உரித்து வைத்தாற்போல் இருந்தது. அதற்காகவே அதை எடுத்திருந்தேன்.

அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளி இறுதியான பதினொன்றாம் வகுப்பு முடித்தேன், நர்சிங் முடித்தேன், இந்த வாரத்தோடு கடல் கடந்து வந்து மூன்று வருடம். வளைகுடாவில் ஒரு பெரிய மருத்துவமனையில், எலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் வேலை. ஊரின் பெயரை எழுதவில்லை. இன்னும் இரண்டு வருடம் இங்கே சம்பளம் வாங்க வேண்டியிருக்கிறது.

பொம்மை பார்ப்பதையும் நான் நிறுத்தவில்லை. மாதா மாதம் வரும் காமிக்ஸ் புத்தகங்களை இந்த வயதிலும் படிக்கிறேன். படித்ததையே திரும்பவும் படிக்கிறேன். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. சொல்வதற்கு ஒரு காரணமும் வந்து சேர்ந்திருக்கிறது.

2

லீவு முடிந்து திரும்பும்போது எங்கள் ஹாஸ்டல் பெண்கள் ஊறுகாய் கொண்டு வருவார்கள், அப்பளம் கொண்டு வருவார்கள். நான் ஒரு அட்டைப்பெட்டி கொண்டு வந்தேன். உள்ளே நாற்பத்தொரு சித்திரக்கதைகள். பதிமூன்று வயதிலிருந்து சேர்த்தவற்றில் பொறுக்கி எடுத்தவை.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள். ஊறுகாய் என்றால் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அச்சடித்த காகிதம் என்றால் அப்படியில்லை, அதைப் படித்துப் பார்த்து அனுமதிக்க இங்கே தனி அலுவலகம் இருக்கிறது. அட்டைகளில் துப்பாக்கியும் முகமூடியும் பார்த்த சுங்கக்காரர், பெட்டியை அப்படியே எடுத்து உள்ளே வைத்தார். மஞ்சள் ரசீது ஒன்று கொடுத்தார். திங்கட்கிழமை போய்க் கேள் என்றார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.

முதல் திங்கட்கிழமை போனேன். தமிழ் தெரிந்த ஆள் லீவில் இருந்தார். இரண்டாவது திங்கட்கிழமையும் லீவில் இருந்தார். மூன்றாவது வாரம்தான் அந்த அலுவலகத்துக்குத் தமிழ் தெரிந்த ஆளே கிடையாது என்று தெரிந்தது. லீவில் இருந்தவருக்குத் தெரிந்தது வேறு ஏதோ மொழி. அதற்குள் நான் இரண்டு புகைப்படம், பாஸ்போர்ட் நகல், மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் எல்லாம் கொடுத்து முடித்திருந்தேன்.

நான்காவது வாரம் ஒரு படிவம் கொடுத்தார்கள். எத்தனை புத்தகம், என்ன வகை, எந்த நாட்டில் அச்சானது என்று கேட்ட பிறகு கடைசியாக ஒரு கேள்வி: யாருடைய உபயோகத்துக்காக?

என் அறைத்தோழி லில்லி சேச்சி, கோட்டயத்துக்காரர், இங்கே பத்து வருடம் ஆனவர். படிவத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் சொன்னார்.

“பிள்ளைகளுக்குன்னு எழுது மோளே. இன்னைக்கே முத்திரை வெச்சுத் தரும்.”

“எனக்கு ஏது சேச்சி பிள்ளை?”

“அவங்க வந்து எண்ணிப் பாக்கப் போறாங்களா?”

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே கேள்வியை இதற்கு முன் ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

3

எங்கள் படிப்பகத்தில் ஒரு சட்டம் இருந்தது. சித்திரக்கதைகள் கீழ்த்தட்டில் இருக்கும். அவை ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். அதற்கு மேல் போனவர்கள் மேல்தட்டுப் புத்தகம்தான் எடுக்க வேண்டும். நான் உயரம் குறைவு என்பதால் ஏழாம் வகுப்பு முழுக்க ஓட்டிவிட்டேன். எட்டில் பாவாடை தாவணி போட்டதும் மாட்டிக்கொண்டேன்.

“யாருக்கும்மா இது?” என்று கேட்டார் தங்கராசு சார்.

“தம்பிக்கு சார்.”

“உனக்கு ஏது தம்பி?”

ஒரே அளவு வீடு, ஒரே நிறக் கதவு, எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அந்த ஊரில், இல்லாத தம்பியை நான் உண்டாக்கியிருக்கக் கூடாது. புத்தகத்தை வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார். நான் முதலில் எழுதிய வாக்கியத்தை அந்த அம்மாளிடம் அப்போதுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா, போனால் போகட்டும், அதில் என்ன சோறா இருக்கிறது என்றாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஆறுமுகம். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனதற்குப் பதிலாக வேலைக்கு எடுக்கப்பட்டு, பெர்மனென்ட் ஆனவர். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிதறும் நிலக்கரியை அள்ளிப் போடுகிற வேலை. எழுதப் படிக்கத் தெரியாது, சம்பளப் பட்டியலில் கைநாட்டு. ஆனால் எண் தெரியும். டோக்கன் எண், பஸ் எண், பிளாக் எண், மெஷின் எண் என்று எண்ணாலேயே ஆன ஊரில் எண் தெரியாமல் வீடு திரும்ப முடியாது.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்தவர் குளிக்கக்கூட இல்லை. சட்டையில் பழுப்புத் தூசியோடு, “வா அஞ்சல” என்று என்னைக் கூட்டிக்கொண்டு படிப்பகத்துக்கு நடந்தார். நேராகக் கீழ்த்தட்டுக்குப் போனார். அந்தக் குதிரைக்காரன் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“யாருக்கு?” என்றார் சார்.

“எனக்குத்தாங்க.”

வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“படிக்கத் தெரியாதுங்க. பாக்கத் தெரியும்.”

சார் சிரித்தபடி சட்டத்தைச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு வரைதான்.

“அதைத்தாங்க நானும் சொல்றேன். நான் ஒண்ணாங்கிளாஸே தாண்டலீங்க. சட்டப்படி பாத்தா எனக்குக் குடுத்தாவணும்.”

சார் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, அப்படியானால் பார்த்துக் கதையைச் சொல்லுங்கள் என்று ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். அப்பா சளைக்கவில்லை. விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். மேல் வரிசை சரியாகத்தான் போனது. இரண்டாவது வரிசைக்கு வந்ததும் வலது பக்கக் கோடியிலிருந்து இடது பக்கமாக வந்தார். செத்துக் கிடந்தவன் எழுந்து தண்ணீர் குடித்தான்.

“செத்தவன் எப்படிய்யா தண்ணி குடிப்பான்?”

“அதாங்க நானும் யோசிச்சிக்கினு இருக்கேன். மருந்து எதுனா குடுத்திருப்பாங்க.”

படிப்பகமே சிரித்தது. நானும் சிரித்திருந்தால் பரவாயில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் சார் பேரேட்டைத் திறந்து அப்பாவின் பெயரை எழுதினார். மைப்பெட்டியை நகர்த்தினார். அப்பா கைநாட்டு வைத்தார். திரும்பி வரும்போது அவருக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். அவருடைய மகள் என்று தெரியாமல் போனால் நல்லது என்று நினைத்து நடந்தேன். இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. பத்திரிகையில் வந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வார்.

4

படிவத்தில் என்ன எழுதினேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு. வயது இருபத்தாறு. தொழில் செவிலியர்.

அதை வாங்கிய அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாடி நரைக்கத் தொடங்கிய மனிதர், மரியாதையானவர், உட்காரச் சொன்னார். அரை இங்கிலீஷ், கால் இந்தி, மீதிக்குக் கையை வைத்துக்கொண்டு பேசினோம். குழந்தைகளுக்கா என்று மறுபடி கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். நான் சொன்ன விதத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. மொழி தெரிந்த ஆள் இல்லாததால் தானே படங்களைப் பார்த்து முடிவு செய்வதாகவும், அதற்கு ஒரு மாதம் வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த ஒரு மாதத்தில் ஹாஸ்டலில் எனக்குப் பெயர் கார்ட்டூன் சிஸ்டர். வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஒரு கணக்கர் மனைவி, கல்யாணம் செய்துகொண்டால் இதெல்லாம் தானாக நின்றுவிடும் என்று ஆறுதல் சொன்னார். அவருடைய ஏழு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்தைக் காட்டினால் ஜிலேபி என்பாள். அந்தப் பெண்ணுக்கு ஒழுக்க நூல்களாக வாங்கி அடுக்கியிருந்தார்கள். ஒன்றின் முதுகும் மடங்கியிருக்கவில்லை.

இந்த ஊரில் எனக்கும் எழுத்துத் தெரியாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வந்த முதல் மாதம் அரபு எண்ணில் ஐந்தைப் பூஜ்யம் என்று நினைத்து, ஐந்தாம் கட்டில்காரருக்குக் கொண்டுபோன மாத்திரையை வைத்துக்கொண்டு பூஜ்யம் கட்டில் எங்கே என்று வார்டு முழுக்கத் தேடினேன். நோயாளிகள் கட்டுப்போட்ட கால்களோடு சிரித்தார்கள். பஸ்ஸிலும் கட்டிலிலும் பார்த்துப் பார்த்து எண்கள் மட்டும் பழகின. எண் மட்டும் தெரிந்துகொண்டு ஒரு ஊரில் பிழைப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

5

செத்தவன் தண்ணீர் குடித்த கதைக்கு வருகிறேன்.

அன்று மாலையே அப்பாவிடம் கேட்டேன். “நைனா, ரெண்டாவது வரிசைய ஏன் அந்தக் கோடியிலேர்ந்து படிச்சே?”

“மேல் வரிச அந்தக் கோடியில தான முடியுது? முடிஞ்ச எடத்துல கீழ எறங்கி, அப்படியே இந்தப் பக்கம் வர வேண்டியதுதான். மெஷின் அப்படித்தான் வெட்டும். வெறும் வாயோட திரும்பி வந்து முதல்லேர்ந்து ஆரம்பிக்குமா?”

சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பக்கெட் வீல் மெஷின் தன் நீளக் கையை இடமிருந்து வலம் வீசி மண்ணை வெட்டும், கோடியில் கொஞ்சம் கீழே இறக்கும், அப்படியே வலமிருந்து இடம் வெட்டிக்கொண்டு வரும். பத்து வருடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், பக்கத்தையும் அப்படியே வெட்டினார். நிலத்தை உழுதபோதும் அவர் அப்படித்தான் உழுதிருப்பார். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நாம் ஒவ்வொரு வரிக்கும் சும்மா திரும்பி வருகிறோம்.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் எண் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவினாலும் போகாத தூசியோடு ஒரு மணி நேரம் பார்ப்பார். புத்தகத்தின் ஓரமெல்லாம் அவருடைய கட்டைவிரல் பழுப்பாகப் பதிந்திருக்கும்.

ஒருநாள், வெடிச் சிதறலுக்கு நடுவே பெரிதாக எழுதியிருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். டமால் என்றேன். மூன்று எழுத்து. அதுதான் அவர் படித்த முதல் வார்த்தை. இரண்டாவது டுமீல். மூன்றாவது ‘ஆ’. அகரத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் முதியோர் கல்வி வகுப்பு எங்கள் பிளாக்கிலேயே நடந்தது. இரண்டு தடவை போய்த் தூங்கிவிட்டு வந்தவர் அவர். சித்திரக்கதையில் எழுத்தைத் தெரிந்துகொண்டால் யார் சுட்டது என்று தெரியும். தெரியாவிட்டால் மண்டை வெடிக்கும். அந்த வித்தியாசம்தான்.

ஆறு மாதம் கழித்து வேலையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்: “அஞ்சல, கன்வேயர்கிட்ட செவப்பு போர்டு ஒண்ணு இருக்குதில்ல, அதுல ‘ஆபத்து’ன்னு எழுதிக்கினு இருக்காங்க. பத்து வருசமா அதுமேலதான் சட்டையக் கழட்டி மாட்டிக்கினு இருக்கேன்.”

அவர் முதலில் தானாகப் படித்து முடித்த புத்தகம் ஒரு படகோட்டியின் கதை. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் காட்டில் தனியாக நிற்கும் ஒரு குழந்தையைப் படகோட்டி கண்டெடுக்கிறான். ஆறு முழுக்க எதிர்நீச்சல் போட்டு, கடைசிப் பக்கத்தில் அதன் தாயிடம் சேர்க்கிறான். கடைசிக் கட்டத்தில் வசனமே கிடையாது. முடித்த அன்று அப்பா என் பென்சிலை வாங்கி, அந்தக் கட்டத்துக்குக் கீழே கோ. ஆறுமுகம் என்று எழுதினார். அவருக்குத் தெரிந்த எழுத்து டமால் எழுத்துதான். அதனால் பெயரும் சாய்ந்து, பருத்து, வெடிக்கப் போவதைப் போல இருந்தது. பிறகு அழிரப்பரை என்னிடம் நீட்டினார்.

“நம்பர் எல்லாத்தையும் அழிச்சிடு. இனிமே வாணாம்.”

அழித்தேன். அவர் பெயர் மட்டும் நின்றது. படிப்பகப் புத்தகத்தில் எழுதிக் கெடுத்ததற்காகத் தங்கராசு சார் கழிவு முத்திரை குத்தினார். “கெட்டுப்போன புத்தகம் இங்க எதுக்கு, நீங்களே வச்சுக்கோங்க” என்று அப்பாவிடமே கொடுத்தார். சட்டத்தை அவர் மாற்றவில்லை. ஆனால் அதன் பிறகு நான் கீழ்த்தட்டில் கை வைத்தால் ஜன்னல் பக்கம் பார்ப்பார். அந்த மனிதரைப் பற்றி நான் இனிக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் புத்தகமும் பெட்டியில் இருந்தது.

6

ஒரு மாதம் கழித்து அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் இரண்டு அடுக்கு. ஒன்றில் நாற்பது புத்தகங்கள், முத்திரையோடு. இன்னொன்றில் ஒன்றே ஒன்று.

நாற்பதையும் அவர் பாராட்டினார். ஒரு கொள்ளைக்கூட்டக் கதையை எடுத்து, மிகவும் நல்ல கதை என்றார். இந்த மனிதர்கள் மூட்டை மூட்டையாகப் பணத்தைக் கொண்டுவந்து வங்கியில் வைக்கிறார்கள், காவலாளிகளின் கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள், குதிரையேறி அமைதியாக வீட்டுக்குப் போகிறார்கள். சிறையில்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் திருந்திவிடுகிறார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையைத் திறந்து, கடைசிப் பக்கத்திலிருந்து காட்டினார். வலது பக்கக் கட்டம் முதலில், இடது பக்கக் கட்டம் பிறகு. அவருடைய மொழியில் புத்தகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு மாதமாக நாற்பத்தொரு கதைகளையும் அவர் முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் படித்திருந்தார். சுட்டவர்களின் துப்பாக்கிக்குள் குண்டுகள் திரும்பிப் போயிருந்தன. செத்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தனியாக இருந்த அந்த ஒன்றைப் பார்த்தேன். படகோட்டி.

அதிகாரியின் முகம் மாறியது. தனக்கு நான்கு பிள்ளைகள் என்றார். இந்தப் புத்தகத்தில் ஒருவன் தாயின் கையிலிருந்து குழந்தையை வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போய், வெள்ளத்தில் அலைக்கழித்து, காட்டில் தனியாக விட்டுவிட்டு வருகிறான். இப்படி ஒரு கதையை யார் எழுதினார்கள், இதை நீ ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். இது திரும்பக் கிடைக்காது, அழிக்கப்படும் என்றார். தாயும் குழந்தையும் இருக்கும் பக்கத்தின் கீழே சாய்வாக இருந்த எழுத்தைத் தொட்டு, இது யார் என்றார்.

“என் அப்பா,” என்றேன்.

அப்படி ஒரு கதையில் பெயரை எழுதியதற்காக அப்பாவை நினைத்தும் பரிதாபப்பட்டார் என்று நினைக்கிறேன்.

நாற்பதை வாங்கிக்கொண்டேன். ஒன்றுக்காக மனு கொடுக்க ஒரு மாதம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார். லில்லி சேச்சியிடம் நடந்ததைச் சொன்னபோது கட்டிலில் விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் நர்ஸின் குரல் வந்துவிட்டது. படிக்கும் முறை தப்பு என்று அதிகாரியிடம் சொன்னால் என்ன ஆகும்? ஒன்று நேராகும். நாற்பது தலைகீழாகும். அத்தனை கொள்ளையும் கொலையும் அவருக்குத் தெரிந்துவிடும்.

“நாப்பது கிட்டியில்லே? மிண்டாம இரு மோளே.”

அவர் சொன்னது நியாயம். இரண்டு நாள் அப்படியே வாய் திறக்காமல் இருந்தேன்.

7

இடையில், எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் சிரித்தவர்களில் மூன்று பேர் இப்போது கேட்கிறார்கள்.

வண்ணப் புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். கறுப்பு வெள்ளையில் ஆரம்பியுங்கள். ஒரே மையில் மழையையும் புகையையும் பயத்தையும் ஒருவர் வரைந்திருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் படும். பாலைவனக் குதிரைக்காரர்கள் கதை சுலபமானது, முதலில் அது. பிறகு துப்பறிபவர்கள். உளவாளிகளைக் கடைசிக்கு வையுங்கள், அவர்கள் நிறையப் பேசுவார்கள்.

படத்தை மட்டும் பார்த்து ஒருமுறை, வசனத்தோடு ஒருமுறை என்று இரண்டு தடவை படியுங்கள். வசனம் இல்லாத கட்டம் வந்தால் நில்லுங்கள். வரைந்தவர் அங்கேதான் தன் முழு சாமர்த்தியத்தையும் வைத்திருப்பார். இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். இந்தக் கட்டத்தில் ஒருவன் சுவரின் மேல் கை வைக்கிறான், அடுத்த கட்டத்தில் அந்தப் பக்கம் நிற்கிறான். தாண்டியது அந்தக் கோட்டில். யாரும் அதை வரையவில்லை. நீங்கள்தான் தாண்டினீர்கள். இப்படி ஆயிரம் சுவர் தாண்டியவளை, விசா நேர்காணலிலும் விமான நிலையத்திலும் யாரும் பெரிதாக மிரட்டிவிட முடியாது.

பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, இதிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டாய் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில்தான் பாதிப் பிள்ளைகள் புத்தகத்தை மூடுகிறார்கள். எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு அவளுக்கு டமால் மட்டும் தெரியும். தன் அம்மா கதவைச் சாத்தும்போதெல்லாம் சொல்கிறாளாம். அம்மாவிடமிருந்து புகார் வந்திருக்கிறது.

பொம்மை பார்த்தால் படிப்பு ஏறாது என்பவர்களுக்கு என்னிடம் வாதம் எதுவும் கிடையாது. என் வீட்டில் இரண்டு பேருக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

8

மூன்றாவது நாள் காலை, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கொள்ளைக்கூட்டக் கதையை எடுத்துப் படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. எத்தனை நல்ல கதை! அறுபது பக்கம் துரத்தல், பாலத்தின் மேல் சண்டை, கடைசியில் ஒவ்வொருவனாகப் பிடிபட்டுச் சிறைக்குப் போகும்போது தலைவன் மட்டும் திரும்பிப் பார்க்கிற ஒரு பார்வை. இதை ஒருவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிற கதையாக நினைத்து முத்திரை குத்தியிருக்கிறார். தலைகீழாகப் படிக்கப்பட்டு நல்ல பெயர் எடுப்பதைவிட, நேராகப் படிக்கப்பட்டுத் திட்டு வாங்கட்டும். எட்டாம் வகுப்பில், இல்லாத தம்பியின் பெயரைச் சொன்னதும் இதே போன்ற ஒரு நல்ல பெயருக்காகத்தான்.

திங்கட்கிழமை போய் அதிகாரியிடம் சொன்னேன். எங்கள் புத்தகம் அந்தப் பக்கம் ஆரம்பிக்கும் என்று திருப்பி வைத்துக் காட்டினேன். அவர் கையை நிறுத்தி, நாற்பதையும் பார்த்தது தப்பா என்று கேட்டார். தப்பு என்று சொல்ல மனமில்லை. உங்கள் மெஷின் வேறு பக்கம் வெட்டுகிறது என்று சொல்ல ஆசைப்பட்டேன், அதற்கு எனக்கு மொழி போதவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்படியானால் எல்லாவற்றையும் திரும்ப ஒப்படைக்க வேண்டும், புதிதாகப் பார்க்க வேண்டும், என்ன முடிவு வரும் என்று சொல்ல முடியாது என்றார். சம்மதம் என்றேன். ஒரே ஒரு அனுமதி கேட்டேன். மேசை மேலிருந்த படகோட்டியைப் பத்து நிமிடம் என் கையில் தர வேண்டும், நான் அதில் எழுத வேண்டும்.

யோசித்துவிட்டுக் கொடுத்தார். வார்டில் நோயாளியின் ஜுர அட்டையில் கோடு போடும் சிவப்புப் பென்சில் பையில் இருந்தது. முதல் பக்கத்தின் முதல் கட்டத்தில் அரபு எண்ணில் ஒன்று போட்டேன். பக்கத்தில் இரண்டு. கீழே மூன்று. பத்து நிமிடத்தில் நாலு பக்கம்தான் முடிந்தது. அவர் எட்டிப் பார்த்தார். காட்டில் தனியாக நிற்கும் குழந்தை ஒன்றாம் கட்டத்தில் இருப்பதைப் பார்த்தார். இரண்டில் படகு. மூன்றில் படகோட்டி கையை நீட்டுகிறான். அதிகாரி எழுந்தார். தன் நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, மீதியை எழுதி எடுத்து வா என்று சொன்னார். அவகாசத்துக்குள் எல்லாம் வர வேண்டும்.

மூன்று வாரம், டியூட்டி முடிந்து வந்த மாலைகளில் எண் போட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று முதல் ஆறு வரை, மூலையில் பக்க எண். இரண்டாவது வாரம் லில்லி சேச்சி என் ஐந்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, இது ஐந்தா உளுந்து வடையா என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு ஐந்துகளை எல்லாம் அவர்தான் போட்டார். போட்டுக்கொண்டே ஏழு புத்தகம் படித்துவிட்டார். தமிழ் எழுத்து தெரியாது, பார்த்துத்தான் படித்தார்.

படகோட்டியின் கடைசிக் கட்டத்தில் எண் போடும்போது மட்டும் பென்சிலை மெதுவாக வைத்தேன். கீழே அப்பாவின் கையெழுத்து. அவர் அழிக்கச் சொன்ன இடத்தில் திரும்பவும் எண் போட்டதற்கு ஊருக்கு ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதிலேயே, ஊரில் கட்டத் தொடங்கியிருக்கும் எங்கள் புது வீட்டு அலமாரியில் கீழ்த்தட்டை, பெரியவர்களும் குனியாமல் எடுக்கும்படி உயரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றும் பெட்டியில் ஏறின. புதுப் படிவம் கொடுத்தார்கள். யாருடைய உபயோகத்துக்காக என்ற கட்டத்தில் இந்த முறை பேனாவை நிறுத்தவில்லை. இன்று காலை பெட்டியை அதிகாரியின் மேசை மேல் வைத்து, கயிற்றை நானே அவிழ்த்துவிட்டு வந்தேன். மேலாக வைத்தது கொள்ளைக்கூட்டம்.